பாட்டுக்கு உறைமோர்

"என் பாட்டைத் திருடிட்டாங்கம்மா. அந்தச் சேனலையே மூட வைக்கப் போறேன். ஆசீர்வாதம் பண்ணுங்க."

மேகம் வீட்டுக்குள் வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும் மலையூர் அது. அந்த மேகத்துக்கு நடுவே உட்கார்ந்து பால் ஆற்றிக்கொண்டிருந்தார் குழலியம்மா. ஆசி கேட்டு நின்றவர் தணிகைவேலன், இசையமைப்பாளர்.

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது. இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், கதை எங்கேயும் ஓடிவிடாது.

"யாரு திருடினது?"

"ரெஜினான்னு ஒரு பொண்ணு. நாகர்கோவில். பாட்டுகளைப் பிரிச்சுப் பிரிச்சு விமர்சனம் பண்ணி வீடியோ போடுது. அதான் அதுக்குப் பிழைப்பு."

"முழுப் பாட்டையும் போட்டுடுச்சா?"

"இல்லம்மா. ரெண்டு வரி."

"ரெண்டு வரியைப் போட்டு?"

தணிகைவேலனுக்கு முகம் கறுத்தது.

"ரெண்டாவது வரி நொண்டுதாம்."

குழலியம்மா பாலை உயரத் தூக்கி ஆற்றினார். ஆவியும் மேகமும் ஒன்றாகி, எது எதுவென்று தெரியாமல் போனது.

"நொண்டுதா?"

"அது வேற விஷயம்மா."

"நொண்டுதான்னு கேட்டேன்."

"லேசா."

"சரி. இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"காப்புரிமைப் புகார் ரெண்டு கொடுத்தாச்சு. மூணாவது எழுதி போன்ல தயாரா இருக்கு. அழுத்தினா போதும், மூணு புகார் சேர்ந்தா சேனலையே மூடிடுவாங்க. அது இத்தனை வருஷமாப் போட்ட வீடியோ அத்தனையும் போயிடும். அதுக்கப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுதுன்னு பார்க்கிறேன்."

"அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லுச்சு. விமர்சனத்துக்குக் கொஞ்சம் எடுத்துக் காட்டலாம், அது நியாயமான பயன்பாடு, சட்டத்துலயே இடம் இருக்கு சார்னு எனக்கே பாடம் எடுக்குது. அவ்வளவு திமிர்."

"அதே ரெண்டு வரியைப் போட்டு, ஆகா ஓகோன்னு பேசியிருந்தா?"

மேகம் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

"வெளியே அந்தப் பாறை மேல நின்னாத்தான் சிக்னல் வரும்," என்றார் குழலியம்மா. "போய் அழுத்துங்க, நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல உறைமோர் வாங்கிட்டு வந்துடுங்க. பால் இருக்கு, உறை இல்லை. விளக்கு வெச்சுட்டா யாரும் தர மாட்டாங்க."

ஊரே முணுமுணுக்கிற பாட்டைப் போட்டவர், ஒரு பெரிய சொம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பாதை தெரியவில்லை. மரங்கள் பாதியில் ஆரம்பித்துப் பாதியில் முடிந்தன. தூக்கத்தில் நடக்கிற மாதிரி நடந்து, ஒருவழியாக வெள்ளையம்மா வீட்டு வாசலை அடைந்தார்.

வெள்ளையம்மா சொம்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் ரொம்பப் பாடுபடவில்லை.

"உறைக்கா, விருந்துக்கா சாமி? ஒரு கரண்டி போதும். பானையைத் தூக்கிட்டுப் போனா நான் சும்மா விடுவேனா?"

"ஒரு கரண்டின்னா பரவாயில்லையா?"

"இதென்ன கேள்வி? போன மாசம் எங்க பானை கவுந்து போச்சு. எனக்கு உறை உங்க குழலியம்மா வீட்டுலருந்துதான் வந்துச்சு. என்ன, எங்க மோர் புளிக்குதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லும்."

"அப்படிச் சொன்னதுக்கு அப்புறமும் கொடுக்கிறீங்களா?"

"புளிச்சா புளிக்குதுன்னுதானே சொல்லும், சாமி."

ஒரு கரண்டி மோரோடு தணிகைவேலன் திரும்பினார். குழலியம்மா அதைப் பாலில் விட்டு, பானையைக் கம்பளியால் சுற்றி, அடுப்போரம் வைத்தார். மலைக்குளிரில் தயிர்கூடப் போர்த்திக்கொண்டுதான் தூங்கும்.

"பாறைப் பக்கம் போகலையா?"

"விடியட்டும்மா."

விடிந்தது. தயிர் கட்டியாக உறைந்திருந்தது. குழலியம்மா அவர் கையில் கரண்டியைக் கொடுத்தார்.

"வெள்ளையம்மா வீட்டு மோரை மட்டும் தனியா எடுங்க. திருப்பிக் கொடுத்துடலாம்."

தணிகைவேலன் மேலாக ஒரு கரண்டி எடுத்தார்.

"அது நம்ம பால்."

ஓரத்திலிருந்து எடுத்தார்.

"அதுவும் நம்ம பால்."

கரண்டியைக் கீழே வைத்தார். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அவர்.

"மோர் வேற, பாட்டு வேறம்மா. ராப்பகலாக் கண் முழிச்சுப் போட்ட பாட்டு. எவன் எவனோ முழுசா எடுத்து, தன் பேரைப் போட்டு விக்கிறான். அதையும் பார்த்துட்டுச் சும்மா இருக்கணுமா?"

"யாரு சொன்னா? அவன் பானையையே தூக்கிட்டுப் போறான். வழக்குப் போடுங்க. சாட்சி சொல்ல நானே மலையை விட்டு இறங்கி வரேன்."

"அப்ப இந்தப் பொண்ணு?"

குழலியம்மா தயிரை மூடி வைத்தார். தணிகைவேலன் விறுவிறுவென்று போய்ப் பாறை மேல் ஏறினார். அவர் இடுப்புக்குக் கீழே எல்லாம் மேகமாக இருந்தது. போன் மட்டும் வெளிச்சமாக இருந்தது. சிக்னல் வந்தது. விரலை நீட்டினார்.

"ஐயா," என்று கீழிருந்து குழலியம்மாவின் குரல் வந்தது. "உங்க பாட்டுக்கு உறை எந்த வீட்டுல வாங்கினீங்க?"

விரல் அப்படியே நின்றது.

"ஐயா, உங்களைத்தான்."

"வீடு இல்லம்மா, தெரு. இடியாப்பக்காரர் ஒருத்தர் காலையில சைக்கிள்ல வருவார். இடியாப்பம்னு கூவி, கடைசியில குரலை மேல தூக்கி அப்படியே விட்டுடுவார். என் முதல் வரி அங்கேருந்து வந்தது."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். பாட்டு வந்த புதுசு. டீக்கடையில ஓடிட்டிருந்தது. நான் உள்ளே உட்கார்ந்திருக்கேன். அவர் சைக்கிளை நிறுத்திட்டு முழுசாக் கேட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். கண்டுபிடிச்சுட்டார்னு டீ கிளாஸுக்குப் பின்னாடி முகத்தை மறைச்சுக்கிட்டேன்."

"என்ன சொன்னார்?"

தணிகைவேலன் போனைப் பார்த்தார். மூன்றாவது புகாரை அழித்தார். முந்தைய இரண்டையும் தேடிப் பிடித்து வாபஸ் வாங்கினார். சிக்னல் போய்ப் போய் வந்ததால் அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குழலியம்மா மேகத்துக்குள் எங்கேயோ காத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்திருக்கு சார்னார்மா. சொல்லிட்டு, கூவிக்கிட்டே போயிட்டார்."