உட்புறம் கைப்பிடி இல்லாத கதவு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம், இப்போதும் யாராவது கோபித்துக்கொள்ளலாம். அதன் அரசருக்கு ஒரு நாள் காலைப் பலகாரத்தின் நடுவே நாட்டை வளர்க்கும் ஆசை வந்தது. பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் சீனத்துப் பொன்னும் அரபுப் பொன்னும் இறங்குகிறதாம். அதைக்கொண்டு தறிகள் பெருகி, ஏரிகள் பெருகி, அந்த அரசர் இரண்டாவது யானைப்படையும் வைத்துவிட்டாராம்.

"அந்நியர் பொன் நம் நாட்டுக்குள் வர வேண்டும். வந்த பிறகு ஒரு குன்றிமணி எடைகூட வெளியே போகக் கூடாது" என்றார் அரசர்.

சபை ஆஹா என்றது. பொக்கிஷ அதிகாரி அனந்தநம்பி மட்டும் இரண்டு முறை ஆஹா என்றார். அவைக் கோமாளி பூவராகன்மேல் அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"மகாராஜா, சுங்கச் சாவடிக்கு அப்படியொரு வாசலைப் பூவராகனே அமைக்கட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"பத்து நாள் தருகிறோம்" என்றார் அரசர்.

"உத்தரவு" என்ற பூவராகன், நேரே ஆற்றங்கரைக்குப் போய் ஒரு மீன்கூடு வாங்கினான். மீன் நுழையலாம், திரும்ப வழியில்லை. அதைத் தச்சனிடம் காட்டினான்.

பத்தாம் நாள் சாவடியில் புதுக் கதவு நின்றது. தள்ளினால் உள்ளே திறக்கும். விட்டால் தானே சாத்திக்கொள்ளும். உட்புறம் கைப்பிடி இல்லை, வேறு வாசலும் இல்லை. கரையில் ஏழு கப்பல் வணிகர்கள் பொன்பேழைகளோடு காத்திருந்தார்கள்.

"அரசே, பொக்கிஷ அதிகாரி முதலில் நுழைந்தால்தான் மரியாதையாக இருக்கும்" என்றான் பூவராகன்.

மேளம் முழங்க, பட்டு அங்கவஸ்திரம் புரள அனந்தநம்பி நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது. மேளம் ஓய்ந்தது. பிறகு உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"பூவராகா! இதை எப்படியப்பா திறப்பது?"

"அது திறந்தால் நான் நாட்டைவிட்டுப் போக வேண்டுமே, ஐயா!"

வணிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேழைகளைத் தூக்கிக்கொண்டு படகுகளை நோக்கி நடந்தார்கள்.

"ஏன் போகிறார்கள்?" என்றார் அரசர்.

"நுழைகிற மீன் கூட்டைப் பார்ப்பதில்லை, அரசே. இவர்கள் பார்த்துவிட்டார்கள்."

"மகாராஜா! இங்கே ஒரே இருட்டு!" என்றது கதவு.

அரசர் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கழற்றுங்கள் அதை! வருகிற பொன் வரட்டும், போகிற பொன் போகட்டும்!"

முதல் கீல் கழன்றதும் வணிகர்களின் நடை நின்றது. இரண்டாவது கழன்றதும் திரும்பினார்கள். வெளியே வந்த அனந்தநம்பி, கதவு வேண்டாமென்று தாம் முதலிலேயே நினைத்ததாகச் சொன்னார்.

"பூவராகா, உனக்கு ஆயிரம் பொன். சாவடிக்குள் வைக்கச் சொல்கிறேன், போய் எடுத்துக்கொள்."

பூவராகன் அசையவில்லை. கடைசிக் கீலும் கழன்று, தச்சன் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகுதான் உள்ளே போனான்.