பாசியை மிதித்தவன்

"கதவைச் சாத்துங்க குருவே! இன்னைக்கே சாத்துங்க!"

இவாவோ போட்ட கத்தலில், மேப்பிள் மரத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கோயிலில் குரலை உயர்த்தக் கூடாது. அது இவாவோவுக்கும் தெரியும். ஆனால் மீன் சந்தையில் ஏலம் கூவியே காலத்தைக் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு துறவியானவர் அவர். கோபம் வந்தால் தொண்டை சந்தைக்கே போய்விடும்.

குரு மியோஷுன் ஒரு பெண் துறவி. வயதைப் பார்த்தால் இவாவோவுக்கு மகளாக இருக்கலாம்.

"என்ன ஆச்சு?" என்றார்.

"மிதிச்சுட்டான். பாசியை மிதிச்சுட்டான், படுபாவி!"

இலையுதிர்காலம் வந்தால் அந்தக் கோயிலுக்கு இதே தலைவலிதான். மற்ற நாளில் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. மேப்பிள் சிவந்துவிட்டால் போதும், ஊரே திரண்டு வரும். மரத்தைப் பார்க்க வந்தவர்கள் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கே பற்றிக்கொண்டு வரும். இவாவோவைச் சொல்லிக் குற்றமில்லை.

அதுவும் மரத்தடிப் பாசி அவர் மனைவி கிநுயே வளர்த்தது. தோட்ட வேலைக்கு வந்தவள், குந்தி உட்கார்ந்து, களையை விரலால் பிடுங்கி, பாசியைத் துண்டு துண்டாகப் பதித்துத் தரை முழுக்கப் பச்சையாக்கினாள். அவள் செத்த பிறகுதான் இவாவோ தலையை மழித்துக்கொண்டு இங்கே வந்தார். ஞானம் தேடி வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வந்தது அந்தப் பாசிக்குத் தண்ணீர் தெளிக்க.

"எங்கே அந்த ஆள்?"

"சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் வெளிய தள்ளிட்டேன்."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அந்தக் கல் விளக்குகிட்ட. பாசியைச் சுத்திக் கட்டின கயித்தைத் தாண்டி அவன் காலை வெச்சதைப் பார்த்தேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அவன் சட்டை என் கையில!"

மியோஷுன் தூரத்தில் இருந்த கல் விளக்கைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"நல்ல வேகம்தான்."

"கிண்டல் பண்ணாதீங்க. என் வயிறு எரியுது."

"என்ன செய்யணும்கிறீங்க?"

"பாசியை மிதிச்சவன் எவனா இருந்தாலும் இனிமே இந்த வாசப்படி ஏறக் கூடாது. முடியாதுன்னா சொல்லுங்க, நான் கிளம்பறேன்."

"எவனா இருந்தாலுமா?"

"புத்தரே வந்து மிதிச்சிருந்தாலும்!"

"சரி, அப்படியே ஆகட்டும்," என்றார் குரு. "எனக்குப் பசிக்குது. வாங்க."

கோயில் வாசலை ஒட்டி ஃபுசாயே அம்மாளின் ராமென் நூடுல்ஸ் கடை. பாய் விரித்த மேடையில் ஏறி உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினால், திரும்பிப் போகும்போது காலை நுழைக்கத் தோதாக ஃபுசாயே அதை வாசல் பார்த்துத் திருப்பி வைப்பாள். அந்த ஊரில் அது வழக்கம்.

மேடையில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்து ராமெனை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அங்கே சத்தம் போட்டு உறிஞ்சுவது தப்பில்லை. ஆனால் இவாவோவுக்கு அந்தச் சத்தம் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது.

"இவன்தான் குருவே! பண்றதையும் பண்ணிட்டு இங்க வந்து கொட்டிக்கறான் பாருங்க!"

அந்த ஆள் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"தப்புதாங்க ஐயா. படம் நல்லா வரும்னு நினைச்சேன். ஒரு காலைத்தான் வெச்சேன்."

"ஒரு காலா இருந்தா என்ன, ஒம்போது காலா இருந்தா என்ன!"

"நீங்க இழுத்தப்ப என் குடை உள்ள விழுந்துருச்சு. அதை மட்டும் எடுத்துக்கறேங்க."

"கிடக்கட்டும். மிதிச்சவன் வாசப்படி ஏறக் கூடாது. குருவே சொல்லியாச்சு."

அவன் குருவைப் பார்த்தான்.

"ஆமா, சொல்லியாச்சு," என்றார் மியோஷுன்.

துறவிகளுக்கென்று இறைச்சி சேர்க்காமல் காளானில் காய்ச்சிய சாறு. கிண்ணம் இரண்டும் ஆவி பறக்க வந்தன. குரு குனிந்து சர்ரென்று உறிஞ்சினார். இவாவோ தொடவில்லை. மழையில் ஊறிய பாசி எவ்வளவு மெத்தென்று இருக்கும், கிநுயேயின் முழங்கால் எப்படித் தேய்ந்தது, இந்த மாதிரி ஆட்களுக்கு அதெல்லாம் எங்கே உறைக்கப்போகிறது என்று பேசிக்கொண்டே போனார்.

"ஏங்க, நூடுல்ஸ் ஊறி உப்பிப்போச்சு!" என்று ஃபுசாயே சீறினாள். "ஆறவெச்சுத் திங்கறதுக்கா நான் அடுப்புகிட்ட நின்னு வேகறேன்?"

அதே கோபத்தோடு செருப்புகளைத் திருப்பி வைக்கப் போனாள்.

போனவள் இன்னும் பலமாகக் கத்தினாள்.

"யாருய்யா இது? இப்பத்தான் தரையைத் துடைச்சேன்! சேறும் பாசியுமா அடியெல்லாம் அப்பிக் கிடக்கு!"

வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இவாவோ மேடையில் ஓங்கி அடித்தார்.

"பார்த்தீங்களா குருவே! ஒரு காலாம், பொய்யன்! தூக்கிக் காட்டும்மா. எல்லாரும் பார்க்கட்டும்!"

ஃபுசாயே தூக்கிக் காட்டினாள்.

வைக்கோல் செருப்பு. ஒரு ஜோடி.

குதிகாலிலிருந்து நுனி வரை பின்னலுக்குள் பச்சை திணிந்திருந்தது. கீழே அந்த ஆளின் தோல் ஷூ கிடந்தது. அதில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை.

கல் விளக்கிலிருந்து மரம் வரைக்கும் கிநுயேயின் பாசிதான். சுற்றிப் போக நடைபாதை உண்டு.

இவாவோ திரும்பித் தன் செருப்பைப் பார்த்தார். 

"சாப்பிடுங்க," என்றார் குரு.

உப்பிய நூடுல்ஸை இவாவோ தின்றார். கொஞ்சமும் சத்தம் வரவில்லை.

பிறகு வாசலில் உட்கார்ந்து, செருப்பின் பின்னலுக்குள் இருந்த பாசியை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளங்கையில் சேர்த்தார்.  செருப்பைப் போடாமல் வெறுங்காலோடு குருவின் பின்னால் நடந்தார்.

குடைக்காக அந்த ஆளும் பின்னாலேயே வந்தான். மறுபடி தூறல் ஆரம்பித்திருந்தது.

கோயில் வாசலில் மியோஷுன் படியேறி உள்ளே போனார்.

இவாவோ ஒரு காலைப் படியில் வைக்கத் தூக்கினார். அப்படியே கீழே இறக்கிவிட்டார். மூடிய கைக்குள் பாசி இருந்தது. பக்கத்தில் அந்த ஆள் நனைந்துகொண்டு நின்றான்.

உள்ளே போன குரு திரும்பினார். கதவின் மேல் கையை வைத்தார்.

"சொல்லுங்க இவாவோ. சாத்தட்டுமா?"