ரெண்டு குறைச்சுப் போடு

கோணலூருக்கு வழி கேட்டால் கோணலூர்க்காரனிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்வான். ரொம்ப அக்கறையாகச் சொல்வான். நீங்கள் வேறொரு ஜில்லாவில் போய் இறங்குவீர்கள்.

அந்த ஊருக்கும் பக்கத்து வக்கணையூருக்கும் பொதுவாக ஓர் ஏரி. வருஷா வருஷம் ஏரியின் முதல் தண்ணீர் யாருக்கு என்று துப்பாக்கிப் போட்டி வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இத்தனை நாள் நாட்டுத் துப்பாக்கி. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே சாப்பிட்டுவிட்டு வரலாம். இந்த வருஷம் நடுவர் ஏகாம்பரம் புது விதி போட்டார்: அரைத் தானியங்கித் துப்பாக்கி, முப்பது பானை, நிறுத்தாமல் சுட வேண்டும். நடுவில் தோட்டா சிக்கினால் அந்த ஊர் தோற்றது.

கோணலூரில் அய்யாக்கண்ணுவின் நாற்றங்கால் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இந்த வாரம் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் வைக்கோல். அவன் பெண்டாட்டி சடையம்மாள் தினமும் இதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். "சுடுங்க சாமி, நல்லா சுடுங்க. இங்க நாத்து தானாவே சுட்டுக்கிட்டு நிக்குது!"

ஊர்க் காவல் தலைவர் வீரபாகு மீசையை நீவிக்கொண்டு, சங்கிலிமுத்து, அய்யாக்கண்ணு, தொம்மை மூவரையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். துப்பாக்கி ஏற்கனவே கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதோடு வந்த மேகசினில், அதாவது தோட்டாவை அடுக்கித் துப்பாக்கியின் வயிற்றில் சொருகும் கூட்டில், அஞ்சு தோட்டாதான் பிடித்தது. அஞ்சை வைத்து முப்பது பானையை உடைப்பது எப்படி என்று வழியெல்லாம் விவாதித்தார்கள். "ஒரே பானையா பெருசா வைக்கச் சொல்லலாமே" என்றான் தொம்மை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

கடைக்காரர் மஸ்தான் பாய் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினார். பறை மாதிரி வட்டமாக நூறு தோட்டா பிடிக்கும் ஒன்றைப் பார்த்ததும் வீரபாகுவின் மீசை நிமிர்ந்தது.

"இதைக் குடுங்க பாய்! நூறு!"

"வேணாம் தலைவரே. பெருசா இருந்தா கனக்கும், சிக்கும். நேத்துதான் வக்கணையூர்க்காரங்க அடம் பிடிச்சு வாங்கிட்டுப் போனாங்க. நீங்க முப்பது பிடிக்கிற இரும்புக் கூடா நாலு எடுத்துக்குங்க. மூணு விஷயம் மனசுல வச்சுக்குங்க. ஒண்ணு, கூடு எத்தனை பிடிச்சாலும் சிக்காததுதான் நல்ல கூடு. ரெண்டாவது, ஒவ்வொரு கூட்டுலயும் நம்பர் எழுதுங்க, எந்த நம்பர் சிக்குதோ அதைத் தூக்கி எறிஞ்சிடுங்க. மூணாவது, ரொம்ப முக்கியம்: நிறைய நிறையப் போடாதீங்க, உள்ள இருக்கிற ஸ்பிரிங் சோர்ந்துபோகும். நிறைஞ்சிருந்தா ரெண்டு குறைச்சுப் போடுங்க."

நாலு பேரும் பஸ் ஏறும் வரைக்கும் மூன்று விஷயத்தையும் மந்திரம் போல முணுமுணுத்தார்கள்.

ஊருக்கு வந்ததும் நம்பர் எழுதும் வேலை. வீரபாகு தன் கூட்டில் சுண்ணாம்பால் '1' என்று எழுதினார். சங்கிலிமுத்துவும் '1' என்று எழுதினான்.

"ஏலே, ஒன்னோடது ரெண்டு."

"ரெண்டாவதா வர நான் என்ன பள்ளிக்கூடத்துலயா இருக்கேன்? எனக்கும் ஒண்ணுதான்."

அய்யாக்கண்ணுவும் '1' போட்டான். தொம்மைக்கு எழுதத் தெரியாது. அவன் கூட்டைச் சும்மா தடவிக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் கரம்பு நிலத்தில் ஒத்திகை. தொம்மையின் கூட்டைப் போட்டுச் சுட்டார்கள். டுமீல், டுமீல், டுமீல். நாலாவது தோட்டா குறுக்கே படுத்துக்கொண்டு நகர மறுத்தது.

"சிக்கிருச்சு! எந்த நம்பர் பாரு!" என்று கத்தினார் வீரபாகு.

"நம்பரே இல்லியே தலைவரே."

வீரபாகு நெடுநேரம் யோசித்தார். ஊரில் அவர் யோசிக்கும்போது யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

"பாய் என்ன சொன்னாரு? 'எந்த நம்பர் சிக்குதோ அதை எறி'ன்னாரு. நம்பரே இல்லாதவன் மேல குத்தம் சொல்ல முடியாது. அப்ப குத்தவாளி நம்பர் உள்ளவங்கள்ல ஒருத்தன். நம்பர் உள்ளதெல்லாம் என்ன நம்பர்?"

"ஒண்ணு."

"ஒண்ணாம் நம்பரைத் தூக்கி எறி!"

கிணற்றில் மூன்று முறை 'தொபுக்' என்று கேட்டது. நல்ல கூடு மூன்றும் தண்ணீருக்குள் போயின. கெட்ட கூடு ஒன்று வீரபாகுவின் கையில் பத்திரமாக இருந்தது.

"இனி இதுதான் நம்ம உசுரு. ஆளுக்குக் கொஞ்ச நேரம் காவல் இருங்க" என்று முப்பது தோட்டாவைப் போட்டார். "நிறைஞ்சிருச்சு. ரெண்டு குறை." ரெண்டை உருவிவிட்டு, சங்கிலிமுத்துவிடம் கொடுத்தார்.

சங்கிலிமுத்து கேட்டான்: "போட வேண்டியதெல்லாம் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்ப நிறைஞ்சிருக்கு. ரெண்டு குறைக்கணும்." உருவி அய்யாக்கண்ணுவிடம் கொடுத்தான்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அய்யாக்கண்ணு ரெண்டை உருவினான். அப்புறம் தொம்மை. அப்புறம் மறுபடி வீரபாகு. கூடு கை மாறக் கை மாற, தோட்டாக்கள் துண்டில் குவிந்தன. மத்தியானத்துக்குள் அய்யாக்கண்ணு கடைசி ரெண்டையும் உருவிவிட்டான். தொம்மை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"நிறைஞ்சிருக்கா?" என்றார் வீரபாகு.

"இல்லை."

"அப்பாடா. இனி குறைக்க வேணாம்."

"ஸ்பிரிங்கைப் பாருங்க தலைவரே. தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி எவ்வளவு தெளிவா இருக்கு!"

சோதித்துப் பார்த்தார்கள். இழுத்து விட்டு அழுத்தினால் 'டிக்'. மறுபடி 'டிக்'. நூறு முறை பார்த்தாயிற்று, ஒருதரம்கூடச் சிக்கவில்லை. அய்யாக்கண்ணுவுக்கு மட்டும் லேசாக ஒரு சந்தேகம்.

"தலைவரே, டுமீல் சத்தம் வரலியே?"

"சத்தத்தைப் பத்திப் பாய் ஏதாச்சும் சொன்னாரா?"

"சொல்லலை."

"பின்ன?"

போட்டி நாளில் இரண்டு ஊரும் ஏரிக்கரையில் கூடின. வக்கணையூர்க்காரர்கள் அந்த வட்டப் பறையில் நூறு தோட்டாவையும் திணித்துக் கொண்டுவந்திருந்தார்கள். டுமீல் டுமீல் என்று பதினாறு பானை உடைந்தது. பதினேழாவது பானைக்கு முன்னால் துப்பாக்கி 'கர்ர்ர்' என்று சொல்லி நின்றுவிட்டது. இழுத்தார்கள், தட்டினார்கள், கெஞ்சினார்கள். ம்ஹூம்.

இப்போது கோணலூர். வீரபாகு முட்டி போட்டுக் குறி பார்த்தார். டிக். டிக். டிக். முப்பது டிக். முப்பது பானையும் கல்யாணத்துக்குக் காத்திருப்பது போல வரிசையாக நின்றன.

"ஒரு பானைகூட உடையலியே!" என்று குதித்தான் வக்கணையூர்த் தலைவன்.

நடுவர் ஏகாம்பரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதித் தாளைப் படித்தார். முன்னும் படித்தார், பின்னும் படித்தார். "'நிறுத்தாமல் சுட வேண்டும், சிக்கினால் தோற்றது'ன்னுதான் இருக்கு. பானை உடையணும்னு நான் எழுத மறந்துட்டேன். கோணலூர் நிறுத்தலை, சிக்கலை. முதல் தண்ணி கோணலூருக்கு!"

பானைகளை வாடகைக்குக் கொடுத்திருந்த குயவர்தான் முதலில் கைதட்டினார்.

ஊரே மேளத்தோடு மடைக்கு ஓடியது. மடைக்கு இரண்டு பலகை. சங்கிலிமுத்து இரண்டையும் தூக்கப் போனான். வீரபாகு கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, முழுசாத் திறந்தா ஏரி சோர்ந்துபோகும்! ரெண்டு குறைச்சுத் திற."

ரெண்டு பலகையில் ரெண்டைக் குறைத்துத் திறந்தார்கள். பிறகு கை கட்டி நின்று பார்த்தார்கள். அரை மணி நேரம் போயிற்று.

"பார்த்தியா, ஒரு தடவைகூட அடைக்கலை!" என்றார் வீரபாகு பெருமையோடு.

"ஆமா, என்ன ஒரு அடக்கமான தண்ணி!" என்றான் தொம்மை.

அப்போதுதான் சடையம்மாள் வந்தாள். மடையைப் பார்த்தாள், நாற்றைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். வீரபாகுவின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி, குழலைப் பிடித்துக்கொண்டு கட்டையால் ஓங்கி ரெண்டே அடி அடித்தாள். அடிக்கு ஒன்றாக இரண்டு பலகையும் பிய்த்துக்கொண்டு போயின. தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் பாய்ந்து நாற்றங்காலைத் தொட்டது. அய்யாக்கண்ணு அழுதுவிட்டான்.

வீரபாகு முட்டளவு தண்ணீரில் நின்றபடி மீசையை நீவினார்.

"எல்லாம் சரிதான் தாயி. ஆனா ரெண்டு அடி குறைச்சு அடிச்சிருக்கலாம்."

சடையம்மாள் திரும்பினாள். மூன்றாவது அடி எங்கும் சிக்காமல் நேராக வந்து விழுந்தது.