கல்யாணம் ஆயிடுச்சா?

பெரியாஸ்பத்திரிப் பெண்கள் வார்டில் நடந்தது இது.

செங்கமலத்துக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. கண்டுபிடித்தபோது சிறுநீர்ப்பை வரைக்கும் பரவிவிட்டிருந்தது. ஆபரேஷனுக்கெல்லாம் வழியில்லை. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதைச் சொல்கிற வேலை மிருதுளா தலையில் விழுந்தது. மேல்படிப்புக்காக வந்திருந்த இளம் டாக்டர். பாவம், அவளுக்கு ஆறுதல் வார்த்தை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? முத்தற வரைக்கும் வீட்லயே கிடந்தீங்களா?"

கட்டிலோரம் நின்ற பிலோமினா பதில் சொன்னாள். "வந்தோமே டாக்டர். ரத்தம் போறப்பல்லாம் இங்கதான் வந்தோம். கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னா. அப்ப உள்ள பாக்க வேண்டாம்னு சத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க."

"நீங்க அவங்களுக்கு யாரு?"

பிலோமினா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஊருக்கு அக்கா தங்கச்சி. வீட்டுக்குள்ள புருஷன் பொண்டாட்டி எப்படியோ, அப்படித்தான் டாக்டர். இருபது வருஷமாச்சு."

செங்கமலம் கண்ணைத் திறக்காமலே அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

மிருதுளா நேரே சௌந்தரநாயகியிடம் போனாள். அந்தப் பிரிவுக்கே தலைமை டாக்டர் அவர். திட்டுவதைக்கூடக் கண்ணாலேயே முடித்துவிடுகிற மனுஷி.

"ஒரே ஒரு வார்த்தை மேடம்! உண்மையைச் சொல்லியிருந்தா அன்னைக்கே டெஸ்ட் எடுத்திருப்போம். பிழைச்சிருப்பாங்க. செங்கமலம் ஏன் மேடம் சொல்லலை?"

சௌந்தரநாயகி எழுந்தார். "வா."

ஓ.பி. அறையில் ஜேஜே என்று கூட்டம். மேஜையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள். வரிசை வராந்தாவரை நீண்டிருந்தது. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, நோயாளிகளுக்கான ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காரு. பேரு?"

"மேடம், என்ன இது..."

"பேரு?"

"மிருதுளா."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லை."

"யார்கூடயாவது படுத்திருக்கியா?"

கொடுமைதான், வேறென்ன சொல்வது? "அடியாத்தி, டாக்டரம்மாவுக்கேவா!" என்று யாரோ சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி நன்றாகக் கேட்கட்டும் என்று முன்னால் நகர்ந்து வந்தாள். மிருதுளாவுக்குக் காதெல்லாம் சுட்டது.

"இல்லை" என்றாள்.

அது பொய். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

சௌந்தரநாயகி மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

மிருதுளா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "இனிமே எப்படிக் கேக்கணும் மேடம்?"

"முதல்ல கதவைச் சாத்து."

மிருதுளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். வெறும் நிலைதான் நின்றது. திரும்பி வந்தாள்.

"இந்த ரூமுக்குக் கதவே இல்லையே, மேடம்."

"செங்கமலம் வந்தப்பவும் இல்லை" என்றார் சௌந்தரநாயகி.