பேர் சொல்லாத கட்டை

மரங்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தீத்தாரப்பன் என்று ஒரு கடைசல்காரர் இருந்தார். மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியை வைத்து உருண்டையாகத் திரட்டி எடுப்பது அவர் தொழில். அந்தத் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. உளி வைக்கும் முன் மரத்திடம் பெயர் கேட்க வேண்டும். தேக்கு என்றால் தூணுக்கு, பாலை என்றால் பொம்மைக்கு என்று பெயரைச் சொன்னதுமே மரத்தின் தலையெழுத்து முடிவாகிவிடும். கேட்காமல் உளி வைத்தால் விரல் போய்விடும் என்று கடைசல்காரர்கள் நம்பினார்கள்.

அவர் மனைவி உலகம்மை அப்பளம் இடுவதில் கெட்டிக்காரி. ஏழு ஊர்க் கல்யாணத்துக்கும் அவள் அப்பளம்தான். அப்போது மாவைத் தேய்க்க அப்பளக் கட்டை ஏது? உளுந்து மாவை உள்ளங்கையால் தட்டித் தட்டித்தான் பரப்ப வேண்டும். தட்டியே இரண்டு மணிக்கட்டும் வீங்கிப்போய், தலைமுடியை அள்ளி முடியக்கூட முடியாத நிலைக்கு வந்துவிட்டாள். ஊர்க்கதை எல்லாம் ஓயாமல் பேசுகிறவள், அன்று பிசைந்த மாவைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டினால் தீத்தாரப்பன் தாங்கிக்கொள்வார். பேசாமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

மாவைத் தட்டாமல் எதையாவது வைத்து உருட்டிப் பரப்பினால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. பட்டறையில் கிடந்த மரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். தேக்கு, நான் அடுப்படிக்கா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேம்பு, வருகிறேன், ஆனால் அப்பளம் கசந்தால் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றது. முருங்கை மட்டும் நான் நான் என்று முன்னால் வந்து நின்றது. காற்றடித்தாலே ஒடிகிற ஆளை நம்பி யார் உளி வைப்பது?

அந்த வாரம் ஆற்றில் வந்த வெள்ளம் ஒரு மரத்துண்டைக் கரையில் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. கருஞ்சிவப்பு நிறம், நல்ல கனம், தட்டினால் கணீர் என்றது. தீத்தாரப்பன் அதைப் பட்டறைக்குத் தூக்கி வந்து முறைப்படி பெயரைக் கேட்டார். பதில் இல்லை. மூன்று நாள் விடாமல் கேட்டார். நாலாம் நாள்தான் அது வாயைத் திறந்தது.

"ஐயா, என்னைய என்ன வேணும்னாலும் செய்யும். பேரை மட்டும் கேக்காதீரும். எங்க மலையில ஒருத்தன் பேரைச் சொல்லிட்டான். அரண்மனைக்காரங்க வந்து அத்தனை பேரையும் வெட்டிட்டாங்க. இப்ப நாலு கன்னு மட்டும் ஒளிஞ்சு நிக்கி. பேரு தெரிஞ்சா அதுகளையும் தேடி வந்துருவாங்க."

தீத்தாரப்பன் தன் விரல்களைப் பார்த்தார். வீட்டுக்குள் இருந்த உலகம்மையின் வீங்கிய கைகளை நினைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெயர் கேட்காமலே உளியை வைத்துவிட்டார்.

கடைந்து முடித்ததும் முதல் வேலையாக விரல்களை எண்ணினார். பத்தும் இருந்தன. கட்டை நடுவில் ஒரே சீராகத் திரண்டு, இரண்டு முனையிலும் பிடியோடு அழகாக வந்திருந்தது. உலகம்மை அதை மாவின் மேல் உருட்டினாள். அப்பளம் நிலா மாதிரி வட்டமாகப் பரந்தது. இவ்வளவு மெல்லிசாக இட்டால் காற்றில் பறந்துவிடும் என்று முதலில் குறைதான் சொன்னாள். பிறகு, "கை வலிக்கலங்க" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அவருக்கும்தான்.

ஆனால் அந்த மரத்துக்கு ஒரு வாசனை இருந்தது. சீவல் விழ விழ அது தெருவெல்லாம் பரவி, மரம் வாங்க ஊருக்கு வந்திருந்த அரண்மனை மேஸ்திரியின் மூக்குக்கும் போய்விட்டது. அவர் மோப்பம் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் தீத்தாரப்பன் வீட்டுக்குள் ஓடினார். விஷயத்தை மனைவியிடம் கொட்டினார். உலகம்மைக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. சீவலை வாரி எருக்குழியில் தள்ளி மூடினாள். கட்டைக்கு நல்லெண்ணெயைச் சொட்டச் சொட்டத் தடவி, மாவில் நாலு புரட்டுப் புரட்டினாள்.

மேஸ்திரி கட்டையை எடுத்து முகர்ந்தார். எண்ணெயும் உளுந்தும்தான் மணத்தன. உன் பெயர் என்ன என்று கட்டையையே கேட்டார். அது பேசவில்லை. பட்டறையில் இருந்த மற்ற மரங்களைக் கேட்டார். தேக்கு முதல் முருங்கை வரை ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் உலகம்மையிடம் திரும்பி, பெயரைச் சொன்னால் உன் புருஷனை அரண்மனைக் கடைசல்காரனாக ஆக்குகிறேன் என்று ஆசை காட்டினார்.

"பேரா? அது ஏதோ ஒரு மரங்க" என்றாள் உலகம்மை. "தள்ளி உக்காருங்க, மாவு காயுது."

மேஸ்திரி வந்த வழியே போனார். தீத்தாரப்பன் வாசல்வரை போய், அவர் தெருக்கோடி திரும்பும்வரை பார்த்துவிட்டு வந்து, உலகம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து மாவு உருட்டிக் கொடுத்தார். மலையில் அந்த நாலு கன்றும் பிழைத்துக்கொண்டன. ஒருமுறை வாயை மூடிய மரங்கள் அப்புறம் பேசவே இல்லை.

அன்று முதல்தான், புதுக் கட்டை வந்தால் எண்ணெய் தடவி மாவில் புரட்டுகிறோம். இது என்ன மரம் என்று எந்த வீட்டில் கேட்டாலும், ஏதோ ஒரு மரம் என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்துக்கொள்கிறார்கள்.