பந்திப் பலகை

மாடக்கண்ணுவுக்கு அறுபது வயது. அவருடைய குரு ஆவுடையம்மைக்கு நாற்பத்தெட்டு. மலையடிவார மடத்தில் மாடக்கண்ணு சேர்ந்து ஏழு வருஷமாகிறது. ஏழு வருஷ ஜெபமும் அன்றைக்குக் காலையில் வந்த ஒரு கடிதத்தில் கருகிப்போயிற்று.

"அம்மா, அந்த மேஸ்திரி இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு. சாயங்காலம் ரயில் ஏறுதேன்."

"எந்த மேஸ்திரி?"

"பம்பாயில என் தம்பி சுடலையாண்டி சாரத்துல இருந்து விழுந்து செத்தானே, அந்த வேலைக்கு மேஸ்திரி. ஆஸ்பத்திரியில பேரு கேட்டிருக்காங்க. அந்தப் பாவி என்ன எழுதிக் குடுத்தான் தெரியுமா? 'மதராசி, ஒண்ணு.' மூணு வருஷம் அவன்கிட்ட மாடா உழைச்சவன் அம்மா! பேரு தெரியலையாம். அந்தச் சீட்டைக் கால் கட்டைவிரல்ல கட்டித்தான் என் தம்பியைத் தந்தாங்க." கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினார். "அவன் சட்டையைப் பிடிச்சு நாலு அறை விடாம என் வயித்தெரிச்சல் அடங்காது. போகலாமா, கூடாதா?"

"பந்திக்கு நேரமாச்சு. பரிமாறிட்டு வாங்க."

மாடக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் வெந்துகொண்டிருக்கிறான், இந்தம்மாவுக்குச் சோறு பெரிதாகப் போயிற்று! ஆனாலும் சோற்று வாளியைத் தூக்கினார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். உலை வைக்குமுன் சாப்பிடப்போகிறவர்களின் பெயர்களைப் பலகையில் எழுத வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லித்தான் இலையில் சோறு போட வேண்டும். எழுதுவதும் பரிமாறுவதும் மாடக்கண்ணுதான்.

"உலகம்மாள்" என்றார், போட்டார். "பிச்சுமணி" என்றார், போட்டார்.

கடைசியில் நாலு பேர். கிணறு வெட்ட பீகாரிலிருந்து வந்தவர்கள். இரண்டு மாதமாக அவர்கள் சோறு கிணற்று மேட்டுக்கே தூக்குவாளியில் போனது. நேற்று தண்ணீர் கண்டதால், இன்றைக்கு அந்த நாலு பேரையும் ஆவுடையம்மை பந்தியில் உட்கார வைத்திருந்தார்.

மாடக்கண்ணு பலகையைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான்.

'வடக்கன், 4.'

கரண்டி நின்றுவிட்டது.

"என்ன நிக்கீங்க? எழுதினதைப் படிச்சுப் போடுங்க." ஆவுடையம்மையின் குரலில் அப்படி ஒரு கோபத்தை அவர் கேட்டதே இல்லை.

"எல்லாரும் சொல்லுறதுதானேம்மா..."

"படிங்க!"

முதல் இலைக்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "மாடக்கண்ணு அண்ணா, பசி." பக்கத்திலிருந்தவனைத் தொட்டுக் காட்டினார். "இவன் என் தம்பி. இவனுக்கு முதல்ல."

மாடக்கண்ணு அந்தத் தம்பியின் இலை முன்னால் குந்தி உட்கார்ந்தார். "உங்க தம்பி பேரு என்ன?"

"ராம்பிலாஸ்."

"ராம்பிலாஸ்" என்று சொல்லிச் சோறு போட்டார். மற்ற மூன்று பெயர்களையும் கேட்டுக் கேட்டுப் போட்டார்.

பந்தி முடிந்தது. ஆத்திரம் முடியவில்லை. நேரே குருவிடம் வந்தார்.

"அப்போ அந்த மேஸ்திரியை அப்படியே விட்டுரச் சொல்லுதீங்களா?"

"யாரு விடச் சொன்னா? போய்ச் சட்டையைப் பிடிங்க," என்றார் ஆவுடையம்மை. பலகையை எடுத்து மாடக்கண்ணுவின் கையில் வைத்தார்.

"இதையும் அழிக்காம கையோட கொண்டுபோங்க."