நிழல் இல்லாத லாரி

ஒரு தொழிற்பேட்டையில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. அதில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் மாரப்பன். அந்தப் பேட்டைக்கென்று தனிப் பேச்சு உண்டு. சரக்கு எங்கே என்று போனில் கேட்டால், யாராயிருந்தாலும் "வண்டி கிளம்பிருச்சுங்க" என்பார்கள். டிரைவரே இன்னும் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். கேட்கிறவருக்கும் அது தெரியும், அரை நாள் கூட்டி வைத்துக்கொள்வார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, சத்தியமாக.

அப்புறம் மேகம் வந்தது. பேட்டைக்கு மேலே வெள்ளையாக, காற்றடித்தாலும் நகராமல் நின்றுகொண்டது.

"யார்கிட்ட என்ன இருக்கு, எது எங்க வருதுன்னு எல்லாரும் என்கிட்ட சொல்லுங்க. ஒரு இடத்துல தட்டுப்பாடுன்னா இன்னொரு இடத்துல இருந்து வரவழைச்சுத் தர்றேன்" என்றது.

நல்ல மேகம்தான். சொன்னபடி செய்யவும் செய்தது. மனுஷர் பேச்சில் எதைக் கூட்டணும், எதைக் கழிக்கணும் என்று மட்டும் பாவம் அதற்குத் தெரியாது.

ஒரு நாள் கிழக்கே ஆற்றங்கரை ஊரில் வெள்ளம் வந்து ஆஸ்பத்திரிக்குள் புகுந்தது. இறைக்க ஆறு பம்பு அவசரமாக வேண்டும் என்றார்கள். மாரப்பனின் மகள் கோகிலவாணி பிள்ளை பெற்று அங்கேதான் படுத்திருந்தாள். அவருக்குக் கை கால் ஓடவில்லை.

ஆறு பம்பும் பெஞ்சில் தயாராக இருந்தன. தண்ணீர் மோட்டாருக்குள் இறங்காமல் தடுக்கிற ரப்பர் சீல் மட்டும் வரவில்லை.

"அது இல்லாம எங்களைத் தண்ணியில விட்டா செத்துப்போவோம் மாரப்பண்ணா" என்றது முதல் பம்பு.

சீல் செய்கிற சென்னியப்பனுக்குப் போன் போட்டார். "கிளம்பிருச்சுங்ணா" என்றார் சென்னியப்பன். மேகத்திடமும் அதையேதான் சொல்லி வைத்திருந்தார்.

உச்சி வெயிலில் லாரி வந்தது. சத்தமே இல்லை. டிரைவர் சீட்டில் ஆளில்லை. கீழே நிழலும் விழவில்லை.

"நான் திறக்கவே இல்லையே, இது எப்படி உள்ள வந்துச்சு?" என்று கேட் நடுங்கியது.

மாரப்பன் பின்கதவைத் திறந்தார். ஒரே ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை. சென்னியப்பனின் குரல் மட்டும் "கிளம்பிருச்சுங்ணா, கிளம்பிருச்சுங்ணா" என்று முனகிக்கொண்டிருந்தது.

"சீல் வந்துருச்சா?" என்று மேலேயிருந்து கேட்டது மேகம்.

இல்லை என்றால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும், முதலாளி சாமி ஆடுவார். எப்படியும் சாயங்காலத்துக்குள் நிஜச் சீல் வந்துவிடும். இருபது வருஷப் பழக்கம் வேறு.

"வந்துருச்சு" என்றார் மாரப்பன்.

"பம்பு கிளம்பிருச்சா?"

"கிளம்பிருச்சு."

லாரி தானாகத் திரும்பிக் கிழக்கே போனது.

"அண்ணா, நாங்க ஆறு பேரும் இங்கதான இருக்கோம். அதுல போறது யாரு?" என்றது பம்பு.

சாயங்காலம் சீல் வரவில்லை. மறுநாள் காலை போன் அடித்தது.

"அப்பா, உங்க பம்பு இங்க ஓடிட்டு இருக்குன்னு மேகம் சொல்லுது. பக்கத்து ஊர்ல இருந்து வந்த பம்பைக்கூட, இங்க போதும்னு பாதி வழியில திருப்பி விட்டுருச்சாம்" என்றாள் கோகிலவாணி. "தண்ணி கட்டிலுக்கு மேல வந்துருச்சுப்பா. குழந்தையைத் தோள்ல போட்டுட்டு நிக்கறேன்."

மாரப்பன் வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். "நான் சொன்னது பொய்யிங்க. பம்பு எதுவும் போகலை. திருப்பி விட்டதைத் தயவுபண்ணிக் கூப்பிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டு அழுதார்.



"பொய்யின்னா என்ன?" என்று கேட்டது மேகம்.